மூணு வருஷ தியானம் வீணான்னு கேட்ட சகோவுக்கு

சகோ, மூணு வருஷமா தினம் காலைல ஒரு மணி நேரம் தியானம் உட்கார்றேன், மனசு அடங்கவே இல்ல, பழைய ஃப்ரெண்ட்ஸும் விலகிட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க, படிச்சதும் ஸ்காட்லாந்துல ஒரு விஸ்கி கிடங்குல நின்னதுதான் ஞாபகம் வந்துச்சு. மண் தரை, ஈரக் குளிர், வரிசையா ஓக் பீப்பாய், நுழைஞ்சதுமே வெண்ணிலா மாதிரி ஒரு வாசனை. அது பீப்பாய்லேர்ந்து ஆவியா போற சரக்கு, வருஷத்துக்கு சுமார் 2% அப்படிப் போயிடுது, தேவதைகளோட பங்குன்னு சொல்றாங்க, மரம் மூச்சு விட்டாத்தான் உள்ள இருக்கிறது பக்குவப்படும்ங்கிறதால அதை விட்டுடுறாங்க. உங்களை விட்டுப் போனவங்களையும் நான் அப்படித்தான் பாக்குறேன்.

இன்னொன்னு, பீப்பாய்ல ஊத்துறதுக்கு முன்னாடி சரக்கைக் காய்ச்சி வடிக்கும்போது முதல்ல வர்றதும் கடைசில வர்றதும் பீப்பாய்க்குப் போகாது, நடுவுல வர்றது மட்டும்தான், ஆனா அந்த ரெண்டையும் கீழ கொட்டமாட்டாங்க, அடுத்த தடவை வடிக்கிறதுல திரும்ப சேர்த்துடுவாங்க. அலையுற மனசையும் திட்டாம நாளைக்கு கூடவே கூட்டிட்டு வந்து உட்காருங்க. மூணு வருஷம்ங்கிறது அங்க சட்டப்படி விஸ்கின்னு பேர் வைக்கிறதுக்கே வேணும் சகோ, 12, 18 வருஷம்னு கிடக்கிற பீப்பாயெல்லாம் இருக்கு. நேரத்தை மட்டும் 20 நிமிஷமா குறைச்சுப் பாருங்க, ஒரு மாசம் கழிச்சு எப்படி இருக்குன்னு இங்கயே எழுதுங்க.