செயின்சாவுக்கு 50:1ன்னா லிட்டருக்கு எத்தனை மில்லி ஆயில்?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்காரு: புதுசா செயின்சா வாங்கினேன், மேனுவல்ல 50:1ன்னு போட்டிருந்துச்சு, அப்போ லிட்டருக்கு 50 மில்லின்னு நெனச்சு 2 லிட்டர் பெட்ரோல்ல 100 மில்லி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் என்ஜின் ஆயில்) ஊத்திட்டேன், மெஷின் ஓடுது ஆனா ஒரே புகை, ப்ளக் கறுப்பா ஈரமா இருக்கு, கூட வேலை பாக்கறவர் கார்ப்பரேட்டர் ஸ்க்ரூவ கொஞ்சம் உள்ள திருப்பினா புகை நின்னுடும்ங்கறாரு, இன்னொருத்தர் இனிமே ஆயில் சும்மா பேருக்கு ஊத்துனா போதும்ங்கறாரு, கலவை பாதி மிச்சம் இருக்கு, என்ன பண்ணட்டும்?

முதல்ல அந்த ஸ்க்ரூல கை வைக்காதீங்க. கலவைல ஆயில் கூடிப்போனா அதே அளவு கலவைல பெட்ரோல் கொஞ்சம் கம்மின்னு அர்த்தம், அதாவது மெஷினுக்கு எரியறதுக்கு கிடைக்கற பெட்ரோல் ஏற்கனவே லேசா குறைஞ்சுதான் இருக்கு, இப்ப ஸ்க்ரூவையும் உள்ள திருப்பினீங்கன்னா இன்னும் குறையும், சூடு ஏறும். புகைக்காக ஸ்க்ரூவ திருப்பிட்டு, அப்புறம் சரியான கலவை ஊத்தும்போதும் அதை பழைய இடத்துக்கு கொண்டு வராம விட்டு பிஸ்டன் போன மெஷின் நான் நிறைய பாத்திருக்கேன்.

கணக்கு இதுதான். 50:1ன்னா 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில். 1000 மில்லிய 50ஆல வகுங்க, 20 வரும். லிட்டருக்கு 20 மில்லி, 5 லிட்டருக்கு 100 மில்லி, அவ்வளவுதான். 40:1ன்னு போட்டிருந்தா 25 மில்லி, 25:1ன்னா 40 மில்லி. இதுல கவனிக்க வேண்டியது, முன்னாடி இருக்கற நம்பர் பெருசாக பெருசாக ஆயில் கம்மியாகும். நீங்க ஊத்தினது 20:1, அதாவது தேவையானதவிட ரெண்டரை மடங்கு.

மிச்சம் இருக்கறத கொட்டிடாதீங்க. பாதி மிச்சம்னா அதுல சுமார் 1 லிட்டர் பெட்ரோலும் 50 மில்லி ஆயிலும் இருக்கும், 50 மில்லி ஆயில் ரெண்டரை லிட்டர் பெட்ரோலுக்கு சரி, அதனால ஆயில் எதுவும் சேக்காம வெறும் பெட்ரோல் ஒன்றரை லிட்டர் ஊத்தி நல்லா குலுக்கிடுங்க, 50:1 ஆயிடும். மெஷின் டேங்க்ல இருக்கற பழசையும் வெளிய எடுத்துடுங்க.

இப்ப அந்த ரெண்டாவது ஆள் சொன்ன விஷயம், அதுதான் எனக்கு ரொம்ப பயம். செயின்சால இருக்கற டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு கீழ ஆயில் சம்ப்னு, அதாவது ஆயில் தேங்கி நிக்கற தொட்டின்னு ஒண்ணு கிடையாது. கார்ப்பரேட்டர்ல இருந்து வர்ற பெட்ரோல் காத்து கலவை நேரா கிராங்க் இருக்கற அறைக்குள்ள போய்த்தான் மேல சிலிண்டருக்கு ஏறும், போற வழில அதுல இருக்கற ஆயில்தான் கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடோட ஊசி பேரிங், பிஸ்டன், சிலிண்டர் சுவர் எல்லாத்தையும் நனைச்சு காப்பாத்தணும், வேற எங்கேர்ந்தும் ஒரு சொட்டு வராது. ஃபுல் த்ராட்டில்ல செயின்சா நிமிஷத்துக்கு 12,000 சுத்துக்கு மேல போகும், வினாடிக்கு 200 சுத்து. அந்த வேகத்துல ஆயில் படலம் அறுந்துச்சுன்னா பிஸ்டன் சிலிண்டர்ல உரசி பிடிச்சுக்க அதிக நேரம் ஆகாது. வெறும் பெட்ரோல் ஊத்தி ஓட்டின மெஷின் ஒண்ண என்கிட்ட கொண்டு வந்தாங்க, சைலன்சர கழட்டிட்டு அந்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சு பாத்தா, வழவழன்னு இருக்க வேண்டிய பிஸ்டன் பக்கவாட்டுல மேலேர்ந்து கீழ வரைக்கும் ஆணியால கீறின மாதிரி கோடு கோடா இருக்கு, ரிங்கு அலுமினியம் அப்பி காடியோட ஒட்டிக்கிச்சு, கயிறு இழுத்தா கம்ப்ரஷனே இல்லாம லொடலொடன்னு வருது. தெரியாம வெறும் பெட்ரோல் ஊத்திட்டோம்னு பாதில ஞாபகம் வந்துச்சுன்னா அந்த நிமிஷமே ஆஃப் பண்ணிடுங்க, இன்னும் ரெண்டு கட்டைதானேன்னு ஓட்டாதீங்க.

எந்த விகிதம்ங்கறதுக்கு உங்க மேனுவல்தான் கடைசி வார்த்தை. ஸ்டீல் (Stihl), ஹஸ்க்வர்னா ரெண்டு கம்பெனியும் தங்களோட சொந்த ஆயிலுக்கு 50:1 சொல்றாங்க, ஆனா வேற ஆயில் ஊத்தினா அதிகமா ஊத்தணும்னு பல மேனுவல்ல தனியா ஒரு வரி இருக்கும், அந்த வரிய யாரும் படிக்கறதில்ல, நீங்க படிங்க. ஆயில் டப்பால ஜாசோ (JASO) எஃப்சி இல்லன்னா எஃப்டின்னு தரக்குறி இருக்கணும், புகை கம்மி, கரி கம்மி. டிசி-டபிள்யூ3 (TC-W3)ன்னு போட்டிருந்தா அது தண்ணில ஓடற படகு என்ஜினுக்கு, காத்துல குளிர்ற செயின்சா சூட்டுக்கு அது ஆகாது. ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம். செயினுக்கு ஊத்தற ஆயில் தனி டேங்க், அதோட மூடில செயின் படம் இருக்கும், ரெண்டையும் மாத்தி ஊத்தினவங்களும் உண்டு.

பெட்ரோல் புதுசா இருக்கணும், எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல வேண்டாம்னு பெரும்பாலான மேனுவல் சொல்லும், எத்தனால் ஈரத்த இழுக்கும், கார்ப்பரேட்டர் டயாஃப்ராம், ரப்பர் ட்யூபையும் கெடுக்கும்.

கலக்கறது எப்பவும் தனி கேன்ல, மெஷின் டேங்க்லயே ரெண்டையும் ஊத்தி கலக்காதீங்க, ஆயில் அடில தங்கிடும். பெட்ரோலுக்குன்னு இருக்கற கேன தரைல வச்சு (வண்டில வச்சு ஊத்தினா ஸ்டாட்டிக் பொறி வர வாய்ப்பிருக்கு) பாதி பெட்ரோல் ஊத்துங்க, ஆயில் முழுசையும் ஊத்துங்க, மூடி குலுக்குங்க, மீதி பெட்ரோல ஊத்தி மறுபடி குலுக்குங்க. ஆயில் அளக்க நான் 20 மில்லி மருந்து ஊசி சிரிஞ்ச்தான் வச்சிருக்கேன், ஊசி இல்லாம, ஒரு சிரிஞ்ச் ஒரு லிட்டர், மூடில அளக்கற வேலையே இல்ல. கேன் மேல விகிதமும் கலந்த தேதியும் எழுதி ஒட்டிடுங்க, தண்ணி பாட்டில்ல மட்டும் வைக்காதீங்க, யாராவது குடிச்சிடுவாங்க. ஒரு மாசத்துக்கு மேல வச்சிருக்காதீங்க, அதனால கொஞ்சமா கலக்குங்க. ஒவ்வொரு தடவ டேங்க் நிரப்பறதுக்கு முன்னாடியும் கேன குலுக்கணும், என்ஜின் ஆறியிருக்கணும், ஊத்தின இடத்துலேர்ந்து 3 மீட்டர் தள்ளிப்போய்தான் ஸ்டார்ட் பண்ணணும்.

கேன்ல இருக்கறதுல ஆயில் கலந்தாச்சா இல்லையான்னு சந்தேகம் வந்தா ஒரு வெள்ளை பேப்பர்ல ஒரு சொட்டு விட்டு காய விடுங்க, பெட்ரோல் பறந்துடும், ஆயில் இருந்தா எண்ணெய்க்கறை நிக்கும். அளவு சரியான்னு இது காட்டாது, இருக்கா இல்லையான்னு மட்டும் காட்டும்.

உங்க மெஷினுக்கு இப்ப ப்ளக்க கழட்டி துடைச்சு அதோட முனை இடைவெளி (கேப்) 0.5 மில்லிமீட்டர் இருக்கான்னு மேனுவலோட ஒத்துப் பாருங்க, சைலன்சர் வாய்ல இருக்கற சின்ன வலைல கரி அடைச்சிருக்கும், அதையும் பிரஷ் போட்டு சுத்தம் பண்ணுங்க. சரி பண்ண கலவைல ரெண்டு டேங்க் ஓட்டுங்க. ப்ளக் முனை வெளிர் பிரவுனா வந்தா வேலை முடிஞ்சது. அப்பவும் கறுப்பா ஈரமா இருந்தா ஏர் ஃபில்டர பாருங்க, அதுக்கும் அப்புறம்தான் கார்ப்பரேட்டர்.