பியர்-டு-பியர் வீடியோ ஸ்ட்ரீமிங்கில் யாருக்கு எவ்வளவு வேகம் என்பதை முடிவு செய்வது யார்?

பார்ப்பவர்களின் கணினிகளே ஒன்றுக்கொன்று வீடியோவை அனுப்பிக்கொள்ளும் முறை இது. பெரும்பாலும் நடுவில் உட்கார்ந்து யாரும் பங்கு பிரிப்பதில்லை. ஒவ்வொரு கணினியும் தன் அப்லோடு வேகத்தை யாருக்குக் கொடுப்பது என்று தானே முடிவு செய்கிறது. தட்டுப்பாடு வருவதும் பெரும்பாலும் அந்த அப்லோடில்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வீடியோவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் வேண்டும், பார்ப்பவர்கள் 100 பேர். ஆக 200 மெகாபிட் எங்கிருந்தாவது வர வேண்டும். ஆளுக்குச் சராசரியாக 1.5 மெகாபிட் அனுப்ப முடிந்தால் 150 தேறும். மீதி 50-ஐ சர்வர் தந்தே ஆக வேண்டும். இல்லையென்றால், எவ்வளவு சாமர்த்தியமாகப் பங்கிட்டாலும் யாருக்காவது படம் நிற்கும்.

சரி, வீடியோ சிறு சிறு துண்டுகளாகத்தான் வருகிறது. எந்தத் துண்டை முதலில் கேட்பது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 2001-இல் பிராம் கோஹன் வெளியிட்ட பிட்டாரண்ட் என்ற கோப்புப் பகிர்வு முறை, அரிதான துண்டை, அதாவது மிகச் சிலரிடமே இருப்பதை, முதலில் எடுக்கும். கோப்பு இறக்க அது அருமையான வழி. ஸ்ட்ரீமிங்கில் அது மட்டும் போதாது. 3 நொடியில் திரைக்கு வர வேண்டிய துண்டு 5 நொடி கழித்து வந்தால் வீண்தான். அதனால் திரைக்கு நெருங்கிய துண்டுகளை வரிசைப்படி அவசரமாகக் கேட்டுவிட்டு, தள்ளி இருப்பவற்றில் அரிதானதை முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது.

அப்புறம், 'கொடுத்தவருக்கே கொடுப்பேன்' என்ற பிட்டாரண்ட் முறை. மொபைலில் பார்ப்பவரால் திருப்பித் தர முடியாமல் போகலாம். அதற்காக அவரைத் தண்டிப்பது நியாயமில்லை. வீடியோவை அடுக்குகளாகக் குறியாக்கினால், அடிப்படை அடுக்கை எல்லோருக்கும், கூடுதல் தரத்தை அதிகம் பகிர்பவருக்கும் தரலாம். நான் வடிவமைத்தால் இதையே தேர்ந்தெடுப்பேன்.