ஃப்ளாஷ் வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என் கேமரா கேனான் 200டி மார்க் 2. வீட்டு விசேஷங்களும் நண்பர்கள் வீட்டுக் கல்யாணங்களும் எடுக்கிறேன். எல்லிஸ் ரோடு கடையில் ‘கைட் நம்பர் 60’ என்று ஒரு மேனுவல் ஃப்ளாஷைக் காட்டினார்கள். விலை குறைவு. வாங்கலாமா?
- வாசகர், குரோம்பேட்டை

பதில்: வேண்டாம். உங்கள் கேமராவில் அது அடிக்கவே அடிக்காது.

கேமராவின் மேலே ஃப்ளாஷ் மாட்டும் இடமான ஹாட் ஷூவை உற்றுப் பாருங்கள். பெரும்பாலான கேமராக்களில் நடுவே பெரிதாக ஒரு வட்டமான உலோகப் புள்ளி இருக்கும். சக்தியை நாமே கையால் வைக்கும் மேனுவல் ஃப்ளாஷுக்கு ‘அடி’ என்ற உத்தரவு அதன் வழியாகத்தான் போகும். 200டி மார்க் 2-ல் கேனான் அதை எடுத்துவிட்டது. சின்னப் புள்ளிகள் மட்டும்தான் உண்டு. 1500டி, 3000டி வைத்திருப்பவர்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவை கேனானுக்கென்றே செய்த டிடிஎல் ஃப்ளாஷ், அதாவது தேவையான வெளிச்சத்தைக் கேமராவே அளந்து சொல்லும் வகை. கோடாக்ஸ் கம்பெனி ஃப்ளாஷ் வாங்கினால் மாடல் பெயரின் கடைசியில் ‘சி’ இருக்க வேண்டும்; பழைய ஸ்டாக் என்றால் ஃபர்ம்வேர் (உள்ளிருக்கும் மென்பொருள்) அப்டேட் தேவைப்படலாம். கேமராவைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே மாட்டி, பத்துப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கைட் நம்பர் என்பது ஃப்ளாஷின் வலிமையைச் சொல்லும் எண்; அதை எஃப் எண்ணால் (லென்ஸ் துளையின் அளவு) வகுத்தால் வெளிச்சம் எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். அந்த 60-ஐயும் அப்படியே நம்பாதீர்கள். ஃப்ளாஷ் தலையை 200 மி.மீ. ஜூமில் வைத்து, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100-ல் அளந்த எண் அது. கல்யாணத்தில் பயன்படும் 35 மி.மீ. ஜூமில் அது சுமார் 36-தான். ஐஎஸ்ஓ 400 வைத்தால் இரட்டித்து 72 ஆகும். எஃப் 5.6-ஆல் வகுத்தால் நேரடி வெளிச்சம் ஏறக்குறைய 13 மீட்டர் எட்டும். சீலிங்கில் அடித்துத் திருப்பினால் சுமார் 2 ஸ்டாப் போய்விடும், அதாவது வெளிச்சம் கால் பங்காகும். எட்டும் தூரம் பாதியாகி ஆறரை மீட்டர். 10 அடி உயர வீட்டு ஹாலில் வெளிச்சம் மேலே போய் முகத்துக்கு வர நாலைந்து மீட்டர்தான், தாராளமாகப் போதும். 20 அடி உயர மண்டபத்தில் அதுவே 9 மீட்டரைத் தாண்டும். அங்கே ஐஎஸ்ஓ 1600, எஃப் 4 வையுங்கள். கால் பங்கு சக்தியிலேயே ஏறத்தாழ வேலை முடிந்துவிடும். பச்சை, சிவப்பு என்று பெயின்ட் அடித்த சீலிங் என்றால் அந்த நிறம் முகத்தில் ஏறிவிடும். அப்போது பக்கத்தில் ஒருவரை வெள்ளைத் தெர்மகோல் ஷீட் பிடிக்கச் சொல்லி, ஃப்ளாஷ் தலையை அதன்மேல் திருப்புங்கள்.

அதனால் சக்தியைவிட, தலை மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்புகிறதா என்பதை முதலில் பாருங்கள். நேர் முன்னால் மட்டும் அடிக்கும் ஃப்ளாஷ் இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கேள்வி: கெட்டிமேளம் கொட்டும் நேரம் பார்த்து ஃப்ளாஷ் அடிக்காமல் நின்றுவிடுகிறது. ரிப்பேரா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: பெரும்பாலும் ரிப்பேர் இல்லை. முழுச் சக்தியில் அடித்தால் உள்ளே கெப்பாசிட்டர் மறுபடி சார்ஜ் ஏற சில விநாடி ஆகும். ரெடி விளக்கு எரிவதற்குள் பட்டனை அழுத்தினால் படம் இருட்டு. விடாமல் அடித்தால் சூடேறி, பாதுகாப்புக்காகத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஐஎஸ்ஓவைக் கூட்டி, சக்தியைக் கால் பங்குக்கு இறக்குங்கள். பெட்டிக்கடை ஆல்கலைன் செல்லை விட்டுவிட்டு, நல்ல நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் ஏஏ செல் நான்கு நான்காக இரண்டு செட் வையுங்கள். பழையதையும் புதியதையும் கலக்க வேண்டாம். மாப்பிள்ளையும் பெண்ணும் மணையில் உட்கார்ந்ததும், செல் பாதி இருந்தாலும், புது செட்டைப் போட்டுவிடுங்கள். மாதம் நாலைந்து கல்யாணம் எடுப்பவர் என்றால் லித்தியம் பேட்டரி மாடலுக்கே போகலாம்.

கேள்வி: பெசன்ட் நகர் பீச்சில் சாயங்காலம் எடுத்த படங்களில் ஒரு ஓரம் முழுக்கக் கறுப்புப் பட்டை. கேமரா நிக்கான் டி5600, மேனுவல் ஃப்ளாஷ், ஷட்டர் 1/500.
- வாசகர், அடையாறு

பதில்: 1/500-ல் ஷட்டர் முழுதாகத் திறப்பதே இல்லை, ஒரு பிளவு மட்டும் சென்சாரின் குறுக்கே ஓடும். ஃப்ளாஷ் மின்னிய நொடியில் திரை மறைத்திருந்த பகுதிதான் அந்தப் பட்டை. ஃப்ளாஷோடு உங்கள் கேமராவில் வைக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம் 1/200. ஹெச்எஸ்எஸ் (அதிக ஷட்டர் வேகத்திலும் அடிக்கும் வசதி) உள்ள ஃப்ளாஷ் வாங்கினால் தீரும் என்று கடையில் சொல்வார்கள், ஆனால் டி5600-க்கு அந்த வசதியே கிடையாது. காசை வீணாக்காதீர்கள். 1/500, எஃப் 2.8-க்குப் பதில் 1/200, எஃப் 4.5 வையுங்கள், வானத்தின் வெளிச்சம் அதேதான். பின்னணி மங்கலாகவே வேண்டுமானால் வெளிச்சத்தைக் கால் பங்காக்கும் என்டி4 ஃபில்டரை லென்ஸில் போட்டு எஃப் 2.8-க்கு ஒட்டியே எடுக்கலாம். ஃபில்டர் ஃப்ளாஷ் வெளிச்சத்தையும் சேர்த்தே குறைக்கும் என்பதால் ஃப்ளாஷை ஆளுக்குக் கிட்டே வையுங்கள்.

கேள்வி: அப்பாவின் ஃபிலிம் காலத்து ஃப்ளாஷ் பரணில் கிடக்கிறது. புது கேமராவில் மாட்டலாமா?
- வாசகர், மயிலாப்பூர்

பதில்: அளக்காமல் மாட்டாதீர்கள். அந்தக் காலத்துச் சில ஃப்ளாஷ்களின் ட்ரிக்கர் வோல்டேஜ் (கேமராவின் ஹாட் ஷூவுக்கு வரும் மின்னழுத்தம்) 200 வோல்ட்டையும் தாண்டும். கேமராவின் சர்க்யூட் போய்விடும். செல் போட்டு ரெடி விளக்கு எரிந்ததும், மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளை அடிப்பக்க நடுப் புள்ளியிலும் இன்னொன்றை ஷூவின் பக்கவாட்டு உலோகத்திலும் தொடுங்கள். 6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மறுபடி பரணுக்கே அனுப்பிவிடுங்கள். செல் பெட்டியில் பச்சை பூத்திருந்தால் அளக்கவே வேண்டாம், நேராகப் பரணுக்குத்தான்.