காசியில் முதல் மாலை: எங்கே உட்காரலாம், எதைத் தள்ளிப்போடலாம்?

கேள்வி: நவம்பர் கடைசியில் அப்பா, அம்மாவுடன் (இருவரும் எழுபதை நெருங்குகிறவர்கள்) முதல்முறை காசிக்குப் போகிறோம். பிற்பகல் 3 மணிக்கு வாராணசி ஜங்ஷனில் இறங்குவோம். அறை அனுமன் கட்டத்தில் (கட்டம் என்றால் கங்கைப் படித்துறை). விசுவநாதர் தரிசனம், தசாஸ்வமேத கட்டத்துக் கங்கை ஆரத்தி இரண்டையும் அன்று மாலையே முடித்துவிடலாமா?

பதில்: இரண்டையும் மறுநாளுக்குத் தள்ளுங்கள். விசுவநாதர் கோயிலுக்குள் கைபேசி, பை எதற்கும் அனுமதி இல்லை. லாக்கரில் வைத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். ரயிலில் வந்த களைப்போடு பெரியவர்களால் அது முடியாது. முதல் மாலைக்குக் கேதார கட்டம் போதும்.

முதலில் அறைக்குப் போகும் வழி. கட்டத்துச் சந்துகளில் வண்டி நுழையாது. ஆட்டோவோ பேட்டரி ரிக்‌ஷாவோ சோனார்புரா மெயின் ரோட்டில் இறக்கிவிடும். சந்து முனைக்கு ஓர் ஆளை அனுப்பச் சொல்லி அறைக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். உருட்டுப்பெட்டி அந்தக் கல் பாவிய சந்தில் உருளாது, தூக்கத்தான் வேண்டும். “உங்கள் லாட்ஜ் மூடிவிட்டார்கள், வேறு காட்டுகிறேன்” என்று வண்டிக்காரர் சொன்னால் அறைக்குப் போன் போட்டு அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

குளித்துவிட்டு நாலரைக்குள் கிளம்பிவிட வேண்டும். நம்மூரைவிட அங்கே குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டும். நவம்பர் கடைசியில் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். கட்டங்கள் கிழக்குப் பார்த்தவை என்பதால் கங்கையில் அஸ்தமனம் தெரியாது. வெயில் கட்டடங்களுக்குப் பின்னே போய், படியெல்லாம் நிழலாகிவிடும். ஆற்றுக்காற்று சில்லென்று அடிக்கும், சால்வை அவசியம்.

அனுமன் கட்டத்திலிருந்து கேதாரம் பக்கம்தான். ஆனால் கரையோரமாகப் போனால் நடுவில் அரிச்சந்திர கட்டம், அதாவது மயானம், வரும். முதல் நாளே அதைப் பார்க்கப் பெரியவர்களுக்கு மனமில்லை என்றால் சோனார்புரா ரோட்டுக்கு வந்து, மேலேயிருந்து சந்து வழியாகக் கேதாரேசுவரர் கோயிலுக்குப் போகலாம். கோயிலைக் குமாரசுவாமி மடம் நிர்வகிக்கிறது. குமரகுருபரர் வழி வந்த மடம், தமிழ் காதில் விழும். தரிசனம் முடித்து மேல்படியிலேயே உட்காருங்கள். படிகள் செங்குத்தானவை, இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் முட்டி பேசும். இறங்கியே ஆகவேண்டுமென்றால் பாதியில் இருக்கும் கௌரி குண்டம் வரை போதும்.

ஆரத்தியைப் பார்த்தே தீருவேன் என்று அம்மா சொன்னால் கேதாரத்திலேயே துடுப்புப் படகு பிடிக்கலாம். கூலி ஆளுக்கா, படகுக்கா, போய்வரவா, ஒருவழியா என்று ஏறுமுன் கேட்டுவிடுங்கள். தகராறெல்லாம் இதில்தான் வரும். குளிர்காலத்தில் ஆரத்தி 6 மணியளவில் தொடங்கி முக்கால் மணி நேரம் நடக்கும். பூசாரிகள் பெரும்பாலும் ஆற்றைப் பார்த்தே நிற்பதால் படகிலிருந்து முகம் தெரியும், படியிலிருந்து முதுகுதான். ஒரு சிக்கல் உண்டு: முன்வரிசைக்குப் போய்விட்டால் பின்னால் படகுகள் நெருக்கியடித்து நின்றுவிடும், ஆரத்தி முடியாமல் வெளியே வர முடியாது. ஓரத்தில் நிறுத்தச் சொல்லுங்கள்.

நடந்தே போக ஆசையென்றால் கேதாரத்திலிருந்து வடக்கே, கங்கை வலது கைப்பக்கம் இருக்கும்படி நடந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் தசாஸ்வமேதம் வந்துவிடும். சந்துக்குள் வழி தப்பினால் ஆற்றுக்கு இறங்கிவிடுங்கள். கட்டத்தின் பெயர் சுவரிலேயே பெரிதாக எழுதியிருக்கும். மயானக் கட்டங்களில் போட்டோ எடுக்கக் கூடாது. அங்கே விறகுக்கு நன்கொடை என்று கை நீட்டுகிறவர்களிடம் பேச்சே கொடுக்காதீர்கள்.

இரவுக்கு இட்லி, சாம்பார் சாதம் வேண்டுமென்றால் அனுமன் கட்டம், கேதாரம் பக்கமே கிடைக்கும். உங்களுக்கு மட்டும் மண் குவளையில் ஒரு லஸ்ஸி, ஒரு தக்காளி சாட். தண்டாய் (மசாலாப் பால்) வாங்கினால் “பினா பாங்க்”, அதாவது பாங்க் என்ற கஞ்சா இலை விழுது இல்லாமல், என்று சொல்லி வாங்குங்கள். சொல்லாவிட்டால் சில கடைகளில் பாங்க் கலந்ததாகவும் இருந்துவிடலாம்.