அனுப்பத் தொடங்கியதும் மூடிக்கொள்ளும் முன்வெளியீட்டுப் பதிப்பு

வணக்கம் நண்பரே. கோத்தகிரியில் 14.074 மெகாஹெர்ட்ஸில் எஃப்டி8 (அமெச்சூர் வானொலியில் கணினி வழியே குறுஞ்செய்திகளைப் பரிமாறும் முறை) இயக்கும்போது, அதற்கான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளின் முன்வெளியீட்டுப் பதிப்பு கேட்கும் வரை ஒழுங்காக ஓடி, அனுப்பத் தொடங்கியதும் மூடிக்கொள்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு விவரமே பாதி விடை.

மென்பொருளைச் சந்தேகிப்பதற்கு முன், ஆன்டெனாவைக் கழற்றி, டம்மி லோடை (அலையை வெளியே பரப்பாமல் வெப்பமாக மாற்றும் மின்தடையை) இணைத்து, அதே வாட்டில் அனுப்பிப் பாருங்கள். அப்போது நிற்காமல் ஓடினால், ரேடியோ அலை யுஎஸ்பி கேபிள் வழியாகக் கணினிக்குள் திரும்புகிறது என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். மலைச்சரிவில் இடமின்றி வீட்டை ஒட்டியே ஆன்டெனா கட்டும் நம்மைப் போன்றோருக்கு இது பழகிய தொல்லை. குன்னூரில் என் வீட்டிலும், அந்தக் கேபிளை ரேடியோ அலையைத் தடுக்கும் ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்றுகள் சுற்றிய பிறகே தீர்ந்தது.

டம்மி லோடிலும் மூடிக்கொண்டால், அமைப்புகளில் ரிக் (ரேடியோ மாடல்) என்ற இடத்தை 'நன்' (எதுவுமில்லை) என மாற்றி, வாக்ஸ் (ஒலி வந்ததும் ரேடியோ தானே அனுப்பத் தொடங்கும் வசதி) மூலம் அனுப்புங்கள். அது நிலைத்து ஓடினால், கோளாறு ரேடியோவைக் கட்டுப்படுத்தும் ஹாம்லிப் பகுதியிலோ அதற்கான உங்கள் அமைப்பிலோ இருக்கக்கூடும். பழைய அமைப்புக் கோப்பு புதிய பதிப்போடு ஒத்துப்போகாததும் உண்டு. மென்பொருளை மூடிவிட்டு அந்த ஐஎன்ஐ கோப்பின் பெயரை மாற்றுங்கள், அழிக்க வேண்டாம். அதற்கு முன், விண்டோஸில் அதே கோப்புறையில் இருக்கும் உங்கள் தொடர்புப் பதிவேட்டை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். சேர்த்த தொடர்புகளை இழக்கக் கூடாது.

இவற்றிலும் தீராவிட்டால், பதிப்பு எண், இயங்குதளம், ரேடியோவின் மாடல், நின்றுபோன நேரத்து லாக் கோப்பு ஆகியவற்றை உருவாக்குநர்களுக்கு அனுப்புங்கள்.