பேராலயத்தில் பாடப் போகும் குழுக்களுக்கு: வாசகர் கேள்வி, பதில்

அதிதூதர்கள் விழா செப்டம்பர் 29. கோவை பெரிய கடைவீதி புனித மிக்கேல் அதிதூதர் பேராலயத்துக்கு அது பெயர் விழா. வெளிப்பங்குப் பாடகர் குழுக்கள் பேராலயங்களில் பாடப் போகும் காலம் நெருங்குவதால், இந்த இதழை அது பற்றிய கேள்விகளுக்கே ஒதுக்கிவிட்டோம்.

நாங்க 22 பேருங்க. நவநாள்ல (விழாவுக்கு முந்தின ஒன்பது நாள் செபம்) ஒருநாள் சாயங்காலத் திருப்பலிக்குப் பாடக் கூப்பிட்டிருக்காங்க. பாட்டு லிஸ்ட்டை எப்பக் கொடுக்கோணும், அதுல என்னென்ன எழுதோணும்?
வாசகர், கோபிசெட்டிபாளையம்

மூன்று வாரத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஆனால் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் பேராலயத்தில் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். திருப்பலிக்குத் தலைமை ஆயரா (பிஷப்), குருவா? அன்றைய நாளின் திருப்பலியா, அதிதூதருக்கான சிறப்புத் திருப்பலியா? தேர்பவனியோ நற்கருணை ஆசீரோ பின்னால் உண்டா? இந்தப் பதில்கள் தெரியாமல் போடும் லிஸ்ட் பெரும்பாலும் கடைசி நாளில் மாறிவிடும்.

லிஸ்ட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் அடி, புத்தகத்தின் பெயரும் எண்ணும், சுருதி, எத்தனை சரணம் ஆகியவற்றை எழுதுங்கள். பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு "மக்களுக்குத் தெரியுமா" என்று கேட்டு அனுப்புங்கள். அங்குள்ள பாடகர் குழுத் தலைவர் அதை நிரப்பித் தந்தாலே பாதி வேலை முடிந்தது. திருப்பலியின் வழக்கமான பாடல்களான வானவர் கீதம் (உன்னதங்களிலே), தூயவர், செம்மறி மூன்றுக்கும் உங்கள் ஊர் மெட்டைக் கொண்டுபோகாதீர்கள். அவை மக்கள் பாட வேண்டியவை. அந்தக் கோயில் மக்கள் வாரா வாரம் பாடும் மெட்டை நீங்கள் கற்றுக்கொண்டு போவதுதான் முறை. உங்கள் குழு தனித்துத் தெரிய வேண்டுமானால் காணிக்கைப் பாடலிலும், எல்லோரும் நற்கருணை வாங்கி முடித்த பின் வரும் நன்றிப் பாடலிலும் இடம் இருக்கிறது.

வானவர் கீதம் உண்டா இல்லையா என்பதில்தான் நவநாள் குழுக்கள் அதிகம் தடுமாறுகின்றன. சாதாரண வாரநாளில் அது இல்லை. நவநாளுக்குள் வரும் ஞாயிறன்று உண்டு. செப்டம்பர் 21 திருத்தூதர் மத்தேயு விழா, அன்றும் உண்டு. ஆயர் தலைமையில் சிறப்பாக நடக்கும் திருப்பலி என்றால் வாரநாளிலும் பாடச் சொல்லலாம். ஆகவே தயாராகப் போங்கள், கேட்டுவிட்டுப் பாடுங்கள்.

பாட்டின் நீளமும் முக்கியம். சிறிய கோயிலில் வருகைப் பாடல் இரண்டு சரணத்தில் முடிந்துவிடும். பேராலயத்தில் பீடச் சிறுவர், குருக்கள், ஆயர் என்று பவனி நீளமாக வந்து, பீடத்தை முத்தமிட்டு, தூபம் காட்டி, ஆயர் தம் இருக்கைக்குப் போகும் வரை பாட்டு நிற்கக் கூடாது. ஐந்து சரணம் கையில் வைத்திருங்கள். எந்தச் சரணத்தோடும் நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பீடம் தெரியும் இடத்தில் ஒருவரை நிறுத்தி, அவர் கை காட்டினால் அடுத்த பல்லவியோடு முடிப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

திருவிருந்துப் பாடலுக்கு ஒரு கணக்கு: 600 பேர், நான்கு இடத்தில் நற்கருணை வழங்குகிறார்கள் என்றால் ஓர் இடத்துக்கு 150 பேர். ஒருவருக்கு 5 வினாடி என்றாலும் பன்னிரண்டரை நிமிடம். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றாமல் இரண்டு பாட்டும், நடுவில் கீபோர்டு மட்டும் மெதுவாக ஒலிக்கும் ஒரு நிமிடமும் வைத்துக்கொண்டால் பாடுபவர்களும் முறை வைத்துப் போய் நற்கருணை வாங்க முடியும்.

முதல் வாசகத்துக்கு அப்புறம் பதிலுரைப் பாடலுக்குப் பதிலா எல்லோருக்கும் தெரிஞ்ச பாட்டு ஒண்ணைப் பாடினோம். வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஏனுங்க?
வாசகி, தாராபுரம்

சொன்னது சரிதான். பதிலுரைப் பாடல் இறைவார்த்தையின் ஒரு பகுதி. அது அன்றைய வாசகத்துக்கென்று தேர்ந்த திருப்பாடல். அதன் இடத்தில் வேறு பாட்டு வைக்கக் கூடாது என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையே சொல்கிறது. பாட முடியாவிட்டால் வாசிக்கலாம், அதில் குறையில்லை.

பாடுவதானால், பல்லவி ஒரே மூச்சில் முடிகிற எளிய மெட்டாக இருக்கட்டும். மக்கள் ஒருமுறை கேட்டு மறுமுறை பாட வேண்டியது அது. சரணத்தை ஒரே குரல், வாசக மேடையிலிருந்து. குழு முழுவதும் சேர்ந்து சரணம் பாடினால் பேராலயத்து முழக்கத்தில் ஒரு சொல்லும் விளங்காது.

எங்க கோயில்ல கணீர்னு கேக்குற பாட்டு, பேராலயத்துல பாடினா ஒரே குழப்பமாக் கேக்குது. மைக்செட்டுக் கோளாறா, எங்க கோளாறா?
வாசகர், காங்கயம்

பெரும்பாலும் இரண்டுமில்லை, கட்டடத்தின் குணம். உயர்ந்த கூரை, சுண்ணாம்புச் சுவர், வழவழத் தரை எல்லாம் ஓசையைக் குடிக்காமல் திருப்பி அனுப்புகின்றன. நம் ஊர் வெயிலில் ஓசை வினாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். 35 மீட்டர் தள்ளி உள்ள சுவரைத் தொட்டுத் திரும்ப 0.2 வினாடி. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.5 வினாடிதான். அதற்குள் அடங்காமல் ஓசை சுவருக்குச் சுவர் பட்டுத் திரும்பத் திரும்ப வருவதால், உங்கள் முந்தைய சொல் அடுத்த சொல்லின் மேல் வந்து விழுகிறது.

உள்ளே போனதும் நடுவில் நின்று ஒரே ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். ஓசை அடங்கும்வரை வினாடியை எண்ணுங்கள். மூன்று வினாடி தாண்டினால் வேகப் பாட்டுகளை இறக்கியே ஆக வேண்டும். 112-இல் பழகியதை 96-க்குக் கொண்டுவாருங்கள். அதற்கும் கீழே அவசரப்பட்டு இறங்க வேண்டாம். ஒத்திகையில் கோயில் காலியாக இருக்கும். மக்கள் நிறைந்ததும் ஆட்களும் அவர்கள் உடுத்திய துணியும் ஓசையை உறிஞ்சி முழக்கத்தைக் குறைத்துவிடும். காலிக் கோயிலுக்கு ஏற்ப இழுத்துப் பழகினால் நிறைந்த கோயிலில் பாட்டு தொய்ந்துவிடும்.

அடுத்தது உச்சரிப்பு. இங்கே குரலை உயர்த்தினால் குழப்பம்தான் கூடும், ஒற்றெழுத்தைக் கூர்மையாக்க வேண்டும். "ஆண்டவர்" என்று முடியும் அடியை எடுத்துக்கொள்ளுங்கள். குழுவில் எல்லோரும் ஆளுக்கொரு நேரத்தில் 'ர்' போட்டால் அது ஒரு நீண்ட உறுமலாகக் கேட்கும். "பாடுவோம்" என்று முடிந்தால், உதடு மூடும் நொடியைப் பாடல் நடத்துநரின் கை சொல்ல வேண்டும். ஒவ்வொரு அடியின் கடைசி ஒற்றையும் பென்சிலால் வட்டமிட்டு, அதை மட்டும் பத்து நிமிடம் பழகுங்கள். பயிற்சியில் இதைவிடப் பலன் தரும் பத்து நிமிடம் வேறு இல்லை.

மிக்சரில் எக்கோ குமிழ் இருந்தால் சுழியில் வையுங்கள். கட்டடமே எக்கோ தரும்போது அது எதற்கு? ரிதம் பேடில் (தாள ஓசை தரும் மின்கருவி) கீழ் ஓசை அடியைக் குறைத்து, தபேலாவின் இடது முகத்துக்கு மைக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கனமான ஓசைதான் கடைசிவரை அடங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்னொன்று: தூரத்துத் தூணில் உள்ள ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டு பாடாதீர்கள். அது உங்கள் காதுக்கு வரும்போதே பிந்திவிட்டது. அதைப் பின்பற்றினால் பாட்டு அடிக்கு அடி மெதுவாகிக்கொண்டே போகும். கண் நடத்துநரின் கையில் இருக்கட்டும்.

நாங்க அஞ்சரைக் கட்டைல பாடுறோம். மக்கள் சேர்ந்து பாடவே மாட்டேங்கறாங்க.
வாசகி, ஈரோடு

சுருதி எண்ணைவிட மெட்டின் உச்சம் எது என்று பாருங்கள். ஐந்தரைக் கட்டை என்றால் ஸட்ஜம் (ஸ) ஜி ஷார்ப். மெட்டு பஞ்சமம் (ப) வரை ஏறினால் டி ஷார்ப் வந்துவிடும். பயிற்சி உள்ள பெண்களுக்கு அது சுகம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாவும் அப்பாவும் அங்கே வாயை மூடிக்கொள்வார்கள். மக்கள் பாட்டில் உச்சம் சி அல்லது டி-யைத் தாண்டாதபடி சுருதியை இறக்குங்கள். காலைத் திருப்பலி என்றால் இன்னும் அரைக் கட்டை கீழே வைப்பது நல்லது, குரல் திறந்திருக்காது.

சுருதியை இறக்க முடிவு செய்ததும் தபேலாக்காரரிடம் சொல்லிவிடுங்கள். ஒன்றரைக் கட்டைக்குச் செய்த வலது தபேலாவைச் சுத்தியல் தட்டி அரைக் கட்டை மேலோ கீழோ நகர்த்தலாம். அதற்கு மேல் போனால் தோல் தளர்ந்து நாதம் போய்விடும், அல்லது இறுகிக் கிழியும். எல்லாப் பாட்டையும் இரண்டு மூன்று சுருதிக்குள் அடக்கினால் பாட்டுக்குப் பாட்டு தட்டிக்கொண்டிருக்கும் சத்தமும் இருக்காது.

கீபோர்டில் டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றும்) பட்டனை நம்பி வாசிப்பவர்கள் ஒவ்வொரு பாட்டின் தாள் மேலும் அந்த எண்ணைப் பெரிதாக எழுதி வையுங்கள். முந்தைய பாட்டின் +2 அப்படியே கிடந்து, அடுத்த பாட்டு ஒரு கட்டை மேலே தொடங்குவது எல்லாக் குழுவிலும் நடக்கும் தவறு. மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில நொடியில் கீபோர்டு அணைந்து, திரும்ப வரும்போது டிரான்ஸ்போஸ் பூஜ்யமாகிவிடும். பேட்டரி போடும் மாடல் என்றால் புது செல் போட்டே கொண்டுபோங்கள். இல்லையென்றால் ஒரு சிறு யூபிஎஸ்.

மைக் எத்தனை கேக்கலாமுங்க? போன தடவை ஆளுக்கொரு மைக் கேட்டோம், ஒரே ஊளைச் சத்தம்.
வாசகர், பல்லடம்

22 பேர் உள்ள குழுவுக்கு நான்கு போதும், தனிக்குரலுக்கு ஒன்று. திறந்திருக்கும் மைக் இரட்டிப்பானால், ஊளையிடாமல் வைக்கக்கூடிய அளவு ஏறக்குறைய 3 டெசிபல் குறைந்துவிடும். மைக்கிலிருந்து பாடுபவர் ஓர் அடி தள்ளி நின்றால், ஒரு மைக்குக்கும் அடுத்த மைக்குக்கும் மூன்றடி இருக்க வேண்டும். நெருங்கினால் ஒரே குரல் இரண்டிலும் விழுந்து, தகர டப்பாவில் பேசுவது போல் ஆகும். தனிக்குரல் மைக்கைப் பாடாத நேரத்தில் அணைத்து வையுங்கள். கீபோர்டுக்குக் கால் இஞ்ச் ஜாக் வயர் உங்களுடையதாகவே ஒன்று, நீளமாக. இடது/மோனோ என்று எழுதியிருக்கும் துளையில் செருகுங்கள். வலதில் மட்டும் செருகினால் பாதி ஓசைதான் போகும். "ம்ம்" என்று இரைச்சல் வந்தால் டிஐ பாக்ஸ் (கருவியின் ஓசையை இரைச்சலில்லாமல் மிக்சருக்கு அனுப்பும் சிறு பெட்டி) இருக்கிறதா என்று மைக்செட்காரரிடம் கேளுங்கள்.

மின்விசிறிக் காற்று நேராக மைக்கில் படாத இடமாகப் பாருங்கள். பாட்டுத் தாள் பறக்காமலிருக்க கிளிப்பும் மறக்க வேண்டாம்.

தவக்காலத்தில் பாடப் போறோம். தபேலா, பேடு கொண்டுபோகலாமா?
வாசகர், கரூர்

தவக்காலத்தில் இசைக்கருவி பாட்டுக்குத் துணையாக மட்டும்தான். தனி வாசிப்பும் இடையிசையும் கூடாது. தவக்கால 4-ஆம் ஞாயிறும், மார்ச் 19 சூசையப்பர், மார்ச் 25 மங்கள வார்த்தை போன்ற பெருவிழாக்களும் விதிவிலக்கு. இந்த இரண்டு பெருவிழாவிலும் வானவர் கீதம் உண்டு, அல்லேலூயா மட்டும் தவக்காலம் முழுக்க எப்போதுமே கிடையாது. பேடை வீட்டில் வைத்துவிட்டு, கீபோர்டை மெல்லிய ஒரே ஓசையில் வாசியுங்கள். குழுவின் சுருதிச் சுத்தம் எப்படி என்று அன்றுதான் தெரியும்.

சிஎஸ்ஐ ஆலயத்திலிருந்தும் கூட்டுப் பாடல் ஆராதனைக்கு அழைப்பு வந்திருக்கு. எதைக் கவனிக்கோணும்?
வாசகி, பொள்ளாச்சி

முதலில் கடிதத்தில் எழுதும் பட்டம். கத்தோலிக்கத்தில் மறைமாவட்டத் தலைவர் ஆயர், உயர்மறைமாவட்டத் தலைவர் பேராயர். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) திருமண்டலத்தின் தலைவரே பேராயர். ஆயர் என்றால் அங்கே சபையை நடத்தும் குருவானவர். மாற்றி எழுதினால் சங்கடமாகிவிடும். பாட்டுகளுக்கு அவர்கள் பாட்டுப் புத்தகங்களான பாமாலை, கீர்த்தனை எண்களைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் "திருப்பாடல்" என்பது அவர்கள் அச்சிடும் நிகழ்ச்சித் தாளில் "சங்கீதம்" என்றிருக்கும். கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகள் இரு பக்கத்தாரும் சேர்ந்து பாட நல்ல பொது இடம். மெட்டு மட்டும் ஊருக்கு ஊர் நெளியும், ஒருமுறை போனில் பாடிக் காட்டச் சொல்லுங்கள்.

காலை 8 மணித் திருப்பலிக்கு வேன்ல வர்றோம். எத்தனை மணிக்கு அங்க இருக்கோணும்? சாப்பாடு?
வாசகர், உடுமலை

ஆறரைக்கு. 15 நிமிடம் இறக்கி வைக்க, 20 நிமிடம் மைக் சரிபார்க்க, 25 நிமிடம் ஒத்திகை. ஏழரைக்கு மேல் கோயிலில் மக்கள் செபிக்க வந்துவிடுவார்கள், அப்போது "ஹலோ, செக்" கேட்கக் கூடாது. ஒத்திகையில் எல்லாப் பாட்டையும் முழுசாகப் பாடித் தொண்டையைக் கெடுக்க வேண்டாம். ஒவ்வொன்றின் தொடக்கமும் முடிவும் போதும், பதிலுரைப் பாடலை மட்டும் முழுவதும்.

நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து உண்ணா நோன்பு. தண்ணீரும் மருந்தும் அதில் சேராது. நற்கருணை எட்டே முக்காலுக்கு வரும் என்று வைத்தால், ஏழே முக்காலுக்குப் பிறகு எதுவும் வேண்டாம். வழியில் ஆறு மணிக்கு நாலு இட்லியோடு முடித்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் ஒன்றரை மணி நேரம் நின்று பாடினால் பிள்ளைகள் மயங்கி விழுவார்கள்.

பெரிய கடைவீதி நெரிசலான தெரு. வேனை வாசலில் நிறுத்தி வைக்க நினைக்காமல், இறக்கிவிட்டு எங்கே நிறுத்துவது என்று முன்பே கேட்டுவிடுங்கள். கருவி எடுத்து வரும் நாலு பேர் முதல் ஆளாக இறங்கட்டும். பேருந்தில் வருபவர்களுக்கு உக்கடம்தான் பக்கம்.