சில எழுத்து சரி, சில எழுத்து குப்பை: உள் கடிகாரத்தைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. ஏடிமெகா 328பி மைக்ரோகண்ட்ரோலர் சிப்பை அதன் உள் கடிகாரத்தின் 8 மெகாஹெர்ட்ஸில் ஓட்டுகிறீர்கள், சீரியல் வழியில் 9600 பாடில் (நொடிக்கு 9600 பிட்) அனுப்பும்போது சில எழுத்துகள் மட்டும் சிதைகின்றன என்கிறீர்கள். அந்த 'மட்டும்'தான் முக்கியத் தடயம். கடிகாரத்தை எட்டால் வகுக்கும் ஃபியூஸ் (சிப்பின் அமைப்பு பிட்) மாறாமல் இருந்திருந்தால் வேகம் எட்டில் ஒரு பங்காகி, எதுவுமே சரியாக வந்திருக்காது.

பாட் வேகத்தைத் தீர்மானிக்கும் யூபிஆர்ஆர் (UBRR) ரெஜிஸ்டருக்கு 51 சரியான மதிப்பே. அதில் பிழை 0.2 சதவீதம்தான். ஆனால் உள் ஆர்சி (மின்தடை, மின்தேக்கி கொண்ட) கடிகாரத்துக்குத் தொழிற்சாலை தரும் துல்லியம் ±10 சதவீதம். ஒவ்வொரு பிட்டிலும் 5 சதவீதம் விலகினாலே எழுத்தின் முடிவில் வரும் ஸ்டாப் பிட்டை எட்டுவதற்குள் அரை பிட் நழுவிவிடும்.

ஆங்கிலப் பெரிய எழுத்து 'யூ'வை இடைவெளியின்றி அனுப்புங்கள். அதன் பிட்கள் 0, 1 என மாறி மாறி வருவதால் டிஎக்ஸ் (தரவு அனுப்பும்) பின்னில் சீரான சதுர அலை கிடைக்கும். அலைக்காட்டியிலோ அதிர்வெண் அளக்கும் மல்டிமீட்டரிலோ 4800 ஹெர்ட்ஸ் வர வேண்டும். குறைந்தால் உள் கடிகார வேகத்தைத் திருத்தும் ஆஸ்கால் (OSCCAL) ரெஜிஸ்டரின் மதிப்பை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள், மிகுந்தால் குறையுங்கள். 127, 128 எல்லையை மட்டும் தாண்டாதீர்கள். அங்கே வரம்பு மாறி அதிர்வெண் சட்டென்று குதிக்கும்.

சாதனம் ஓடப்போகும் அதே மின்னழுத்தத்தில் அளப்பது அவசியம். கிடைத்த மதிப்பை மின்சாரம் போனாலும் அழியாத ஈஈப்ராம் நினைவகத்தில் வைத்து, தொடக்கத்திலேயே ஏற்றுங்கள். வெப்பத்தில் உள் கடிகாரம் விலகும் என்பதால், வெயிலில் வைக்கும் கருவி என்றால் இதற்கு மெனக்கெடாமல் வெளிக் கடிகாரமாகக் கிரிஸ்டலே போட்டுவிடுங்கள்.